சடையாண்டி வெளியே சென்றார்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஞாபக டாக்டர் சொன்னதால் இதைப் பேசுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. நான் பேசினால் போன் எழுதிக்கொள்ளும் என்று மருமகள் பூங்கோதை பழக்கிவிட்டாள். ஊர்ப் பேச்சில் பேசினால் இது திணறுகிறதாம். மேடையில் நிற்கிறவன் மாதிரி நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறதாம். அதனால் என்ன, எத்தனையோ மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டவன் நான். அந்தத் தமிழ் எனக்கும் வரும். தினமும் நடந்ததைச் சொல்ல வேண்டும். பூங்கோதை டாக்டருக்குப் படித்துக் காட்டுவாள்.

டாக்டருக்கு என் மகனைவிட வயது குறைவு. மூன்று பெயர் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பூட்டு, வாழைப்பழம், ரயில். சொன்னேன். நடுவில் அவர் நர்ஸை என்ன சொல்லித் திட்டினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு மார்க் கிடையாதாம்.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த கிராஃப் வேற மாதிரி சொல்லுதே" என்றார்.

கிராஃப் என்பது என் மகன் திருமாறன் போனில் காட்டிய கோடு. நான் எங்கள் குடியிருப்பின் கேட்டைத் தாண்டி எத்தனை தடவை வெளியே போகிறேன் என்று அது சொல்லும். போன வாரம் ஒரே நாளில் ஒன்பது தடவை போயிருக்கிறேனாம்.

நான் போனது ஒரு தடவை. சாயங்காலம், காற்று வாங்க.

"ஒன்பது தடவ போய்ட்டு ஒரு தடவதான்னு அடிச்சுச் சொல்றாரு பாருங்க டாக்டர். அதுதான் பயமா இருக்கு" என்றான் மாறன்.

ஆக, நான் போகாததையெல்லாம் மறந்துவிட்டேன். அதற்கு மாத்திரை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்தக் கோடு போடுகிற ஆப், என் மகன் கைப்பட எழுதியது. பகலில் யாரோ ஒரு கம்பெனிக்கு வெப்சைட் எழுதுகிறான். லீவு நாட்களில் இந்தக் குடியிருப்புக்கு இலவசமாக எழுதிக் கொடுத்தான். அதில் 'பெரியோர் நலம்' என்று ஒரு பக்கம். அதில் சேர்ந்திருக்கிற பெரியோர் இப்போதைக்கு நான் ஒருவன்தான். கழுத்தில் ஒரு வில்லை மாட்டியிருக்கிறார்கள். கேட்டைத் தாண்டினால் அது கீச்சென்று கத்தும். மாட்டுக்கு மணி கட்டுவது எதற்கென்று எனக்குத் தெரியும். நானே கட்டிவிட்டிருக்கிறேன்.

"இது எப்படிடா வேலை செய்யுது?" என்று கேட்டேன். மாத்திரை தின்கிறவன் காரணம் கேட்கலாம் அல்லவா.

தொழிலைப் பற்றிக் கேட்டால் அவன் முகம் மலர்ந்துவிடும். "உள்ள எது நடந்தாலும் ப்ரோக்ராம் ஒரு குரல் கொடுக்கும்ப்பா. 'சடையாண்டி வெளியே சென்றார்', அவ்வளவுதான். அதைக் கேக்கறதுக்குன்னு பேர் கொடுத்து வச்சவங்க இருப்பாங்க. சப்ஸ்கிரைபர்னு பேரு. ஒரு சப்ஸ்கிரைபர் கேட்டுட்டு லாக்ல, அதாவது பதிவேட்டுல, ஒரு வரி எழுதும். அந்த வரியெல்லாம் கூட்டித்தான் கிராஃப். குரல் கொடுக்கறவனுக்கு யார் கேக்கறாங்கன்னே தெரியாது. தெரியவும் வேண்டாம். அதான் அதோட அழகு."

"கேக்க யாருமே பேர் கொடுக்கலன்னா?"

"அப்ப குரல் சும்மா காத்துல போயிடும்."

"நான் காலையில காப்பி கேக்கற மாதிரி."

பூங்கோதை அடுப்படியில் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை போட்டேன். காற்று வாங்கினேன். எருமை இளைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்றுப் பேசியதைப் படித்துவிட்டு, "எந்த எருமை மாமா?" என்றாள் பூங்கோதை. போன் தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்கும் என்றேன்.

சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப்புறம், இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு மனையில், தண்டபாணி என்கிற பால்காரர் எருமைகள் கட்டியிருப்பதாகக் கேள்வி. நான் அந்தப் பக்கம் போவதில்லை. மாறனுக்கு அந்த வாடை ஆகாது. "சாணி நாத்தத்தோட லிஃப்ட்ல ஏறாதீங்கப்பா" என்று ஒருமுறை சொன்னான். நான் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். கேட்கிறவர்களிடம் 'அப்பா கால்நடை வணிகம்' என்று சொல்லிவைத்திருக்கிறான். கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி விலை ஏற்றுகிற மாதிரி, என் தொழிலுக்குக் கொம்பு சீவிவிட்டான்.

கொம்பு வளைந்த அந்தச் சினை எருமைக்கு இந்த மாதக் கடைசிக்குள் கன்று விழுந்துவிடும். தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

காரில் ஏற்றிச் செங்கல்பட்டுப் பக்கம் கூட்டிப் போனார்கள். 'நிழற்குடை' என்று பெயர், மறதிக்காரர்களுக்கான இல்லம். சுவரெல்லாம் சிரிக்கிற கிழவர்கள் படம். உள்ளே இருந்த கிழவர்கள் சிரிக்கவில்லை. டிவி சத்தமில்லாமல் ஓடியது. அவர்களும் சத்தமில்லாமல் பார்த்தார்கள்.

"கேட் எப்பவும் பூட்டித்தாங்க இருக்கும். ஒரு பயமும் இல்ல" என்று மேனேஜர் பெண் மாறனிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. மாட்டைப் பற்றி மாட்டிடமா பேசுவார்கள்?

திரும்பும்போது மாறன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரு மாசம் மட்டும்ப்பா. செப்டம்பர் ஒண்ணாந்தேதி சேக்கலாம்னு இருக்கேன். அதுக்குள்ள இந்த அலைச்சல் கொறைஞ்சா வேண்டாம்."

"நான் அலையல."

"கிராஃப் பொய் சொல்லாதுப்பா."

அப்பனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நம்ப அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். தான் எழுதினதில் பிசகு இருக்கும் என்று நம்ப ஒரு ஜென்மம் போதாது. டாக்டரிடம் இதையும் படித்துக் காட்டு பூங்கோதை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீடு முழுக்கச் சந்தோஷம். இன்று நான் வெளியே போனது ஒரே தடவை என்று கோடு சொல்லிவிட்டது.

"மாத்திரை கேக்குது!" என்றான் மாறன். நேற்றுதான் ஏதோ புதுப்பிக்க வேண்டும் என்று சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டேன் என்றான். இப்போது படம் முன்னைவிட அழகாக வருகிறதாம். காட்டினான். அழகாகத்தான் இருந்தது.

கனடாவில் இருந்து மகள் செண்பகவல்லி கூப்பிட்டு அழுதாள். "அப்பா, ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு!"

"எப்பவும் ஒண்ணுதாம்மா."

"சரிப்பா, சரிப்பா. நான் இனிமே விடமாட்டேன். வேலைக்கு நடுவுலகூட உங்க பக்கத்தைத் திறந்து திறந்து பாத்துக்குவேன்."

பாசக்காரி. அவள் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை பேச்சு அவளிடம் பேசியதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பதினேழு.

ஒரு தடவை போய்விட்டு வந்து உட்கார்ந்தேன், பதினேழு. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். செண்பகவல்லி திரும்பவும் அழுதாள்: "மூணு நாளா கண்ணு அசராம பாத்துட்டே இருக்கேன், அப்படியும் இப்படி ஆயிடுச்சே!"

புது மாத்திரை பகலிலேயே தூக்கத்தைக் கொண்டுவருகிறது. குளியலறைக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து நெற்றியை இடித்துக்கொண்டேன். "பாத்தியா, பேலன்ஸும் போகுது" என்று மாறன் பூங்கோதையிடம் மெல்லச் சொன்னான். காது போகவில்லை என்று நானும் மெல்லச் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, சனி

கேட்டில் காவல் நிற்பவர் பிப்லாப். அசாம்காரர், நாற்பது வயதிருக்கும். அவரை மேலே வரவழைத்துக் கேட்டார்கள்.

"தாத்தா ஒரு நாள் ஒரு தடவ. சாயந்தரம் போவாரு, இருட்டறதுக்குள்ள வருவாரு. வேற இல்ல சார்."

"நீங்க நடுவுல எங்கயாவது போயிருப்பீங்க."

"நான் எங்க போவேன் சார்? பாத்ரூமுக்கே செகரட்டரி சார்கிட்ட கேக்கணும்."

அவரை அனுப்பிவிட்டு, "தூங்கியிருப்பாரு" என்றான் மாறன். இங்கே தூக்க மாத்திரை தின்கிறவன் நான், தூங்குகிறவர் அவர்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வெளியே போகவே போவதில்லை. போகாதவனை எப்படிக் கூட்டுவார்கள் என்று பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

போகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

போகவில்லை. கோட்டில் சைபர். "இப்படியே இருந்தீங்கன்னா அந்த இல்லம் வேண்டாம்னு நானே அவர்கிட்ட பேசறேன் மாமா" என்றாள் பூங்கோதை. இல்லத்துக்குப் போகாமல் இருக்க வீட்டையே இல்லமாக்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போகவில்லை. எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். மாறன் சாப்பிடும்போது ஒருமுறை, கை கழுவிவிட்டு ஒருமுறை என் பக்கத்தைத் திறந்து சைபரை ரசிக்கிறான். செண்பகவல்லி எழுந்ததும் அதில்தான் விழிக்கிறாளாம். சாமி படத்துக்கு அடுத்தபடி என் சைபர்தான்.

பால்கனியில் நின்றால் சர்வீஸ் ரோடு தெரியும். மனை தெரியாது, விளம்பரப் பலகை மறைக்கிறது. நான் சும்மாதான் நின்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தண்டபாணி கேட்டுக்கே வந்துவிட்டார். பிப்லாப் இன்டர்காமில் கூப்பிட்டார். "தாத்தா, பால்காரர் நிக்கறாரு. எருமை கஷ்டப்படுதாம்."

போனேன். ஒரே தடவை போனேன். கன்று வயிற்றுக்குள்ளேயே கால் மடங்கிக் கிடந்தது. மாட்டு டாக்டர் வருவதற்கு நேரமாகும் என்றார்கள். தண்டபாணி தலையைப் பிடித்துக்கொள்ள, நான் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு... சரி, காற்று வாங்கினேன்.

பெண் கன்று, கிடாரி. நெற்றியில் சுழி.

வீட்டுக்கு வந்தேன். சட்டையில் இருந்ததைப் பார்த்து மாறன் மூக்கைப் பொத்திக்கொண்டான். பிறகு போனைப் பார்த்து வாயையும் பொத்திக்கொண்டான். எண்பத்து மூன்று.

"ஒரு வாரம் சைபர். திடீர்னு எண்பத்து மூணு. எங்கப்பா சுத்துனீங்க?"

"ஒரு தடவ."

"அப்பா, ப்ளீஸ்."

"என் தொழில்ல விலையைத் துண்டுக்குள்ள விரலைத் தொட்டுத்தாண்டா பேசுவோம். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. ஆனா தொட்ட விரல் மாத்திச் சொல்லாது. உன் தொழில்ல நான் செருப்பு மாட்டுனதைக் கனடாவுக்குச் சொல்றீங்க. அதையும் தப்பாச் சொல்றீங்க."

அவன் உடனே 'நிழற்குடை'க்குப் போன் செய்து ஒன்றாம் தேதியை உறுதி செய்தான். குரலில் ஈரம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஈரமாகத்தான் பேசினான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பூங்கோதை என் வேட்டி சட்டையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். ஒவ்வொன்றிலும் என் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதுகிறாள். அங்கே துணி மாறிவிடுமாம். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, எனக்கெதுக்கு?" என்றேன். "உங்களுக்கில்ல மாமா, அவங்களுக்கு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மாறன் கம்ப்யூட்டரே கதியாகக் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் பொதுக்குழு. அதில் இந்த ஆப்பைப் பெரிதாகக் காட்டப்போகிறானாம். புதிதாக ஒரு பெண் குரல் சேர்த்திருக்கிறான். நடந்ததை ஸ்பீக்கரில் சொல்லும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நடந்ததைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கீழ்த்தளத்தில் பொது அறை. ஒருபக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிரே கேட். எல்லா வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வடையும் காப்பியும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். செயலாளர் ஜெயசீலன் மைக்கைப் பிடித்தார். எங்கோ பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். கையெழுத்துப் போட ஃபைல் இல்லாமல் ஏங்கிப்போய் இந்தப் பதவிக்கு வந்தார்.

"எழுபதுக்கு மேல உள்ள பெரியவங்க துணையில்லாம கேட்டைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு தீர்மானம். அவங்க பாதுகாப்புக்குத்தான். ஏன் அவசியம்னு நம்ம திருமாறன் சார் காட்டுவார். தன் சொந்த அப்பாவையே உதாரணமாக் கொடுத்திருக்கார். பெரிய மனசு."

கைதட்டினார்கள். நான் உதாரணம், அதனால் முன்வரிசை நாற்காலி.

மாறன் எழுந்தான். "எல்லாரும் உங்க போன்ல அப்பா பக்கத்தைத் திறந்து பாருங்க" என்றான். அத்தனை பேரும் திறந்தார்கள். சிலருக்குச் சரியாக வரவில்லை, மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார்கள். பின்னால் ஒரு அம்மாள், "பாவம், பாத்தா நல்லாத்தான இருக்காரு" என்றாள். இன்னொருத்தி, "அப்படித்தாங்க இருப்பாங்க. எங்க பெரிய மாமனாரும் அப்படித்தான், கடைசியில ஆளு அடையாளமே தெரியல" என்றாள். என் முகத்துக்கு நேராக வடை தின்றுகொண்டே என்னைக் கையில் வைத்துப் பார்க்கிறார்கள். சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன், மாட்டின் கழுத்தில் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் பார்ப்பான்.

எழுந்துவிட்டேன்.

"எங்கப்பா?" என்றான் மாறன் மைக்கிலேயே.

"வெளியே."

"மாமா, உக்காருங்க" என்று பூங்கோதை கையைப் பிடித்தாள். விலக்கிவிட்டு நடந்தேன். பிப்லாப் கேட்டைத் திறந்தார். கழுத்து வில்லை கீச்சென்றது. கேட்டுக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றேன். எங்கே போவது? பெட்டியெல்லாம் கட்டியாயிற்று.

அப்போது உள்ளே ஸ்பீக்கரில் அந்தப் பெண் குரல் கேட்டது.

"சடையாண்டி வெளியே சென்றார்."

நல்ல குரல். திருத்தமான தமிழ். திரும்பவும் சொன்னது.

"சடையாண்டி வெளியே சென்றார். சடையாண்டி வெளியே சென்றார். சடையாண்டி வெளியே சென்றார்."

மூச்சு விடவில்லை. ஊரில் ஒரு மனிதன் செத்தால்கூட இத்தனை தடவை அறிவிக்க மாட்டார்கள். நான் தூணில் சாய்ந்தபடி நின்றேன். அங்கே நான் போய்க்கொண்டே இருந்தேன். திரையில் கோடு ஏறிக் கூரையைத் தொட்டது. பிப்லாப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் பொத்தாமல் சிரித்தார்.

"ஐயா அங்கயேதான நிக்கறாரு?" என்றார் ஜெயசீலன் மைக்கில்.

"ஒரு நிமிஷம் சார். சிஸ்டத்துல..." மாறன் எதையெதையோ தட்டினான்.

"சடையாண்டி வெளியே சென்றார்."

பூங்கோதை எழுந்து நின்றாள். அவள் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. "சிஸ்டத்தை விடுங்க. கண்ணாடியைப் பாருங்க. மாமா ஒரு தடவதான் போனாரு. இங்க அத்தன பேரும் பாத்தோம்."

எல்லாரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். கும்பிட்டேன். பொதுக்குழு அல்லவா.

செப்டம்பர் 1, திங்கள்

பெட்டியைப் பிரித்தாயிற்று. 'நிழற்குடை'க்கு மாறனே போன் செய்து வேண்டாம் என்றான்.

அப்புறம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். சின்ன வயதில் ரிப்போர்ட் கார்டைக் கொண்டுவந்து நிற்கிற அதே முகம். படிக்கத் தெரியாத அப்பனிடம் மார்க்கைக் கூட்டிச் சொல்லத் தெரியாதவன், பாவம்.

"சர்வர் எழும்பும்போது ஒரே ஒரு தடவ எழுத வேண்டிய வரிப்பா. கேக்கறதுக்கு ஒரு ஆளைப் பேர் பதியற வரி. அதை நான் உங்க பக்கத்தைத் திறக்கற இடத்துல வச்சிட்டேன். யாரு எப்பத் திறந்தாலும் புதுசா ஒரு ஆள் சேந்துட்டான். பழைய ஆளும் போகல. நீங்க ஒரு தடவ போனா, சேந்த அத்தன பேரும் ஆளுக்கொரு வரி எழுதியிருக்காங்க. நேத்து ஸ்பீக்கர்லயும் ஆளுக்கொரு தடவ சொல்லியிருக்காங்க. சர்வரை அணைச்சா எல்லாரும் போயிடுவாங்க. அதான் அன்னைக்கு மட்டும் ஒண்ணு வந்துச்சு."

"ஆக, நீங்க பாக்கப் பாக்க நான் அலைஞ்சிருக்கேன்."

"ஆமாப்பா."

"நீங்க பாக்காம இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்."

தலையைக் குனிந்துகொண்டான். எல்லா வரியிலும் நேரம் எழுதியிருக்கிறதாம். எல்லாம் ஒரே நொடியாம். வரியைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் என்றான். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் படம் பார்த்தார்கள்.

செண்பகவல்லி கூப்பிட்டாள். "நான்தானாப்பா உங்களப் பைத்தியக்காரராக்குனேன்? ஒரு நாளைக்கு நாலு தடவ திறந்து பாத்தேனே..."

"பாசம்தானம்மா. அடுத்த தடவ திறக்கறதுக்குப் பதிலா ஒரு போன் பண்ணு. நான் எத்தன தடவ போனேன்னு நானே சொல்றேன்."

பொதுக்குழுக் குறிப்பில் 'சிறு தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதியிருக்கிறாராம் ஜெயசீலன். தீர்மானத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். வடை தீர்ந்தது ஒன்றுதான் அன்றைக்கு நிறைவேறிய காரியம்.

செப்டம்பர் 4, வியாழன்

டாக்டரிடம் போனோம். கோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெருமை. "எண்பத்து மூணுல இருந்து ஒண்ணுக்கு வந்துடுச்சு! மாத்திரை நல்லா கேக்குது. நிறுத்திடாதீங்க."

மாறன் நடந்ததை விளக்கினான். வியர்க்க வியர்க்க விளக்கினான். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியும் இருக்கலாம். எதுக்கும் மாத்திரை இருக்கட்டும்."

தன் வேலையைச் சந்தேகப்படாதவனைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று என் மகன் இன்றுதான் எதிரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டான். வீட்டுக்கு வரும் வழியில் மாத்திரை அட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டது பூங்கோதை. டாக்டர் சொன்ன நாட்குறிப்பும் இனி வேண்டாமாம். எனக்கு இது பழகிவிட்டது. ஒரு வார்த்தைக்கும் குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் வீட்டில் இது ஒன்றுதான்.

செப்டம்பர் 6, சனி

கழுத்து வில்லையைக் கழற்றிக் கொடுத்தேன். "வேண்டாம்னா விட்டுடுங்கப்பா" என்றான் மாறன்.

"எனக்கு வேண்டாம். உனக்கு மாட்டு."

"எனக்கெதுக்குப்பா?"

"பாதுகாப்புக்குத்தான்."

சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போனான். பூங்கோதை சிரிக்கவில்லை. அவனுடைய கார் சாவிக் கொத்தில் அந்த வில்லையைக் கோத்தாள். என் போனில் எதையோ தட்டினாள். அந்த ஆப்பின் உள்விவகாரம் இப்போது அவளுக்கும் அத்துப்படி. "மாமா, இவர் வெளிய போனா உங்க போன் சொல்லும். கேக்கறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் பதிஞ்சிருக்கேன். நீங்க."

சாயங்காலம் சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்தேன். ஆமாம், மனையில்தான் இருந்தேன். கன்று என் வேட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் பேசியது. அதே நல்ல குரல்.

"திருமாறன் வெளியே சென்றார்."

உடனே கூப்பிட்டேன்.

"என்னப்பா? கார் ஓட்டிட்டு இருக்கேன்."

"எங்க போற?"

"கடைக்கு. அரிசி வாங்க. ஏன்ப்பா?"

"தனியாவா போற?"

"ஆமா... நான் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாறா, வழி ஞாபகம் இருக்கில்ல?"

காரின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டான் போல.

"இருக்குப்பா" என்றான்.

"எதுக்கும் திரும்பி வந்ததும் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.